நாற்பது கம்மி

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, அடுப்பில் பொங்கலைக் கிளறிக்கொண்டிருந்தபோது சுதா போன் செய்தாள். வேங்கிக்கால் அரசு அலுவலகத்தில் நான் வேலை பார்த்த பிரிவில், நான் ஓய்வு பெற்ற பிறகு என் நாற்காலிக்கு வந்தவள் அவள்.

"அக்கா, புது சாஃப்ட்வேர் வந்துடுச்சு. இனிமே அந்தக் கறுப்பு ஸ்கிரீனே கிடையாது. ஃபைலைப் போட்டு பட்டனை அமுக்கினா முடிஞ்சுது. இப்பதான் போட்டேன். பச்சையா டிக் வந்துடுச்சு."

"எத்தனைம்மா?" என்றேன்.

"என்ன எத்தனை?"

"ஃபைல்ல எத்தனை வரி இருந்துச்சு? உள்ள எத்தனை போச்சு?"

"அதைப் பாக்கலையேக்கா" என்றாள். பொங்கலை இறக்கி வைப்பதற்குள் மறுபடி அவளே கூப்பிட்டாள். "பன்னெண்டு கம்மிக்கா! எப்படிக்கா உங்களுக்குத் தெரிஞ்சுது?"

எனக்கு ஒன்றும் தெரியாது, கேட்டுப் பழக்கம், அவ்வளவுதான் என்று சொன்னேன். அந்தப் பழக்கம் எப்படி வந்தது என்று எழுதிக் கொடுத்தால் புதிதாக வருகிறவர்களுக்குக் காட்டலாம் என்றாள். எழுதச் சொல்லி யாராவது கேட்டால் மறுக்கிற வயது எனக்குத் தாண்டிவிட்டது. அதனால் எழுதுகிறேன்.

என் பெயர் பச்சையம்மாள். ஊர் அடி அண்ணாமலை. வீட்டில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை பயிர் வைத்திருந்தோம். பள்ளிக்கூடம் முடித்ததும் டவுனில் டைப்ரைட்டிங் படித்தேன். லோயர், ஹையர் இரண்டும் தேறி, தேர்வெழுதி, அரசாங்க அலுவலகத்தில் தட்டச்சராகச் சேர்ந்தேன். இருபத்தைந்து வருடத்துக்கு மேல் மற்றவர்கள் எழுதியதை நான் அடித்தேன். நடுவில் டைப்ரைட்டர் போய் கம்ப்யூட்டர் வந்தது. எழுத்து அதேதான் என்பதால் விரல் பயப்படவில்லை, நான்தான் பயந்தேன். ஐம்பது வயதைத் தாண்டியபின் ஒருநாள் என்னை அந்தப் பிரிவுக்கு மாற்றினார்கள். வேண்டாத ஆளைத் தள்ளிவிடும் இடம் என்றுதான் அப்போது எல்லாரும் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு போனேன்.

பிரிவின் வேலை என்ன என்று சொல்கிறேன். பௌர்ணமிக்கும் கார்த்திகை தீபத்துக்கும் கிரிவலம் வருகிற கூட்டத்தில் குழந்தைகளும் வயதானவர்களும் தொலைந்து போவார்கள். அதற்காக ஊருக்கு வெளியே தற்காலிகப் பேருந்து நிலையங்களில் பதிவு கவுன்ட்டர் போட்டிருந்தார்கள். குழந்தை, முதியவர் யார் வந்தாலும் கையில் ஒரு மஞ்சள் பட்டை கட்டுவார்கள். பட்டையில் ஐந்து இலக்க எண் மட்டும் அச்சிட்டிருக்கும். பெயர், ஊர், கூட வந்தவரின் போன் நம்பர் எல்லாம் கவுன்ட்டர் கம்ப்யூட்டரில் பதிவாகும். கிரிவலப் பாதையில் உதவி பூத்துகள் உண்டு. தொலைந்தவர் யாராவது அங்கே வந்து சேர்ந்தால், பூத்தில் இருப்பவர் பட்டை எண்ணை போனில் அடிப்பார். உடனே விவரம் வரும், வீட்டாரைக் கூப்பிடலாம்.

கவுன்ட்டர்களிலிருந்து வரும் ஃபைல்களை, பூத்துகள் பார்க்கிற டேட்டாபேஸுக்குள் ஏற்றுவதுதான் எங்கள் வேலை. அது கீ-வேல்யூ டேட்டாபேஸ் என்ற வகை. கோவில் வாசலில் செருப்பு ஸ்டாண்டு பார்த்திருப்பீர்கள். டோக்கனைக் கொடுத்தால் அந்த எண்ணுள்ள அறையிலிருந்து செருப்பு வரும். யாருடைய செருப்பு, எந்த ஊர்ச் செருப்பு என்றெல்லாம் ஸ்டாண்டுக்காரர் கேட்க மாட்டார். இதுவும் அதேதான். எண் என்பது கீ, அதாவது டோக்கன். அதற்குள் இருக்கும் விவரம் வேல்யூ. கேட்டால் கண் இமைப்பதற்குள் கொடுத்துவிடும், லட்சம் பேர் கூட்டத்துக்கு அந்த வேகம் வேண்டும். ஆனால் ஒரு குணம் இருக்கிறது. ஏற்கெனவே செருப்பு இருக்கும் அறைக்கு இன்னொரு ஜோடி வந்தால், பழையதை எடுத்து வீசிவிட்டுப் புதியதை வைத்துக்கொள்ளும். வீசியதை யாரிடமும் சொல்லாது.

ஏற்றுகிற இடம் ஒரு கறுப்புத் திரை. மவுஸுக்கு வேலை இல்லை. கட்டளையை வரியாக அடித்து என்டர் தட்டினால்தான் எதுவும் நடக்கும். மற்றவர்கள் அதைப் பார்த்து முகம் சுளித்தார்கள். வாழ்நாள் முழுக்க அடித்துக் கொட்டியவளுக்கு அது பிடித்துப் போனது.

எனக்கு மேலதிகாரியாக வந்தவர் மெஹருன்னிசா மேடம். ஆற்காட்டுப் பக்கம். முப்பத்திரண்டு வயது, என் மகளைவிட இரண்டு வயதுதான் பெரியவர். இஞ்சினியர், ஆனால் ஒப்பந்த வேலை. வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். அவர் எனக்கு மேடம், நான் அவருக்கு அக்கா.

அவரிடம் நான் முதலில் கவனித்தது, பின்னால் நின்று பார்க்கும்போது இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொள்வார். நம் கீபோர்டைத் தொடவே மாட்டார். நான் தப்பாக அடிப்பது கண்ணுக்கு நேராகத் தெரிந்தாலும் கை நீளாது. "மூணாவது வார்த்தையைப் பாருங்கக்கா" என்பார். நான் பார்ப்பேன். நானே திருத்துவேன். முதல் மாதம் எனக்கு எரிச்சலாக வந்தது, எட்டி ஒரு தட்டு தட்டினால் என்ன என்று. பிறகுதான் தெரிந்தது, அந்த மாதத்தில் ஒரு கட்டளையைக்கூட அவர் அடித்து நான் கற்கவில்லை, எல்லாம் என் விரலே கற்றது என்று.

இரண்டாவது, எண்ணிக்கை. ஃபைலில் எத்தனை வரி, உள்ளே எத்தனை போனது, வெளியே எத்தனை நின்றது. இந்த மூன்றையும் ஒரு நீளநோட்டில் கையால் எழுதி, கணக்கு நேராக வந்தால்தான் கையெழுத்து போடுவார். நேராக வந்தாலும் முகத்தில் சிரிப்பு வராது. அடுத்த ஃபைல் எங்கே என்பார்.

மூன்றாவது பழக்கம் என்னால் வந்தது. அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

சேர்ந்து நாலு மாதம். ஒரு பௌர்ணமிக்கு முந்தின நாள். கிராமங்களில் முன்கூட்டியே பதிவு செய்தவர்களின் விவரத்தை ஏற்றி முடித்திருந்தோம். என் திரையில் இரண்டு கறுப்பு ஜன்னல்கள். ஒன்று பழகிப் பார்க்கிற டேட்டாபேஸ், இன்னொன்று நிஜம். பழகுவதைக் காலி செய்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பலாம் என்று, எல்லாவற்றையும் அழிக்கிற அந்த ஒற்றைச் சொல்லை அடித்து என்டர் தட்டினேன். "சரி" என்று பதில் வந்தது. வந்த ஜன்னல் நிஜம்.

வேலை போய்விட்டது என்றே முடிவு செய்துவிட்டேன். எழுந்து போய் மேடத்திடம், "எல்லாத்தையும் அழிச்சுட்டேன் மேடம்" என்று சொன்னேன்.

அவர் நாற்காலியை விட்டு எழவில்லை. "கிராமத்துல இருந்து வந்த ஒரிஜினல் ஃபைலைத் தொட்டீங்களா?"

"இல்ல மேடம்."

"அப்ப ஒண்ணும் போகலைக்கா. தண்ணி குடிங்க. திரும்ப ஏத்தலாம்."

ஏற்றினோம். முக்கால் மணி நேரம் ஆனது. எண்ணிக்கை நேராக வந்தது. மறுநாள் காலை வந்து பார்த்தால் நிஜ ஜன்னலின் பின்னணி கருஞ்சிவப்பாக மாறியிருந்தது. அன்று முதல் சிவப்பு ஜன்னலில் எதை அடித்தாலும், என்டர் தட்டுவதற்கு முன் கட்டளையை வாய்விட்டு உரக்கப் படிக்க வேண்டும். நான் மட்டுமில்லை, அவரும் படித்தார். பக்கத்துப் பிரிவுக்காரர்கள் எங்கள் அறையைத் தேவாரப் பாடசாலை என்று கிண்டல் செய்தார்கள். செய்யட்டும். அதற்குப் பிறகு அந்தச் சொல் சிவப்பு ஜன்னலில் தப்பாக ஒருமுறையும் விழவில்லை.

ஃபைல் எப்போதும் சொன்னபடி வராது என்பதை ஒரு சித்ரா பௌர்ணமி கற்றுக்கொடுத்தது. பூத்துகளிலிருந்து ஒரே புகார், எண்ணை அடித்தால் "இல்லை" என்று வருகிறது என்று. பார்த்தால், கவுன்ட்டரில் விவரத்தை எக்செல் தாளில் அடித்தபோது முன்னால் இருந்த பூஜ்யங்களை அது தின்றுவிட்டிருக்கிறது. கையில் 00412, எங்களிடம் வெறும் 412. மனிதருக்கு இரண்டும் ஒன்று, டேட்டாபேஸுக்கு வேறு வேறு. அன்று பாதையில் அக்னி லிங்கக் கோவில் பூத்தில் ஒரு பெண்குழந்தை இரண்டு மணி நேரம் அழுதுகொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு ஏற்றுவதற்கு முன்பே எல்லா எண்களையும் ஐந்து இலக்கமாக நிரப்புகிற ஒரு வரியைச் சேர்த்தோம். அந்தக் குழந்தையின் எண்ணை நீளநோட்டின் முதல் பக்கத்தில் நான் எழுதி வைத்தேன். யாரும் எழுதச் சொல்லவில்லை.

இனி அந்தத் தீபத் திருநாளுக்கு வருகிறேன். எனக்கு ஓய்வு பெற இன்னும் நாலு வருடம் இருந்தது. மேடத்தின் ஒப்பந்தம் அடுத்த மாதம் முடிகிறது, புதுப்பிக்கும் கோப்பு மேலே போயிருந்தது.

விடியற்காலையிலிருந்தே கவுன்ட்டர்கள் ஓடின. பதினொன்றரை மணிக்கு முதல் ஏற்றம், பன்னிரண்டு மணிக்கு பூத்துகள் திறக்க வேண்டும். எல்லா கவுன்ட்டர் ஃபைல்களையும் ஒன்றாகச் சேர்த்தேன். பூஜ்யங்களைச் சரி பார்த்தேன். டேட்டாபேஸ் காலியாக இருப்பதைப் பார்த்தேன். கட்டளையை உரக்கப் படித்தேன், மேடம் தலையசைத்தார். என்டர். ஆறாயிரத்துச் சொச்சம் வரிகளும் மூச்சு விடும் நேரத்தில் உள்ளே போயின. திரையில் பதில் வந்தது: பிழைகள் பூஜ்யம், பதில்கள் 6240.

ஃபைலிலும் 6240 வரிதான். பக்கத்தில் நின்ற பியூன் அண்ணன்கூட, "முடிஞ்சுதாம்மா, டீ சொல்லட்டுமா?" என்றார்.

நான் அடுத்த கட்டளையைப் படித்தேன். உள்ளே எத்தனை கீ இருக்கிறது என்று கேட்கிற கட்டளை. என்டர்.

6200.

மறுபடி கேட்டேன். 6200.

"நாப்பது கம்மி மேடம்."

"பிழை?"

"பூஜ்யம்."

அவர் கைகளைக் கோத்தபடியே திரையருகே குனிந்தார். "பிழை இல்லாம நாப்பது பேர் எங்கக்கா போவாங்க?"

அந்த நேரம் பார்த்து மேடத்துக்கும் மேலே இருந்த அதிகாரியின் போன் வந்தது. அன்றைய ஏற்பாடு முழுவதும் அவர் பொறுப்பு. எங்கள் திரையின் படத்தை பியூன் அண்ணன் ஆர்வத்தில் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டிருந்தார். மேடம் ஸ்பீக்கரில் போட்டார்.

"எர்ரர் ஜீரோன்னு வந்துடுச்சே, இன்னும் ஏன் ஆன் பண்ணலை? பூத்துல எல்லாம் போனைப் பிடிச்சிக்கிட்டு நிக்கறாங்க."

"சார், நாப்பது பேர் கம்மியா இருக்காங்க. ஏன்னு தெரியலை. அரை மணி நேரம் குடுங்க."

"ஆறாயிரத்துல நாப்பது ஒரு பெரிய விஷயமாங்க? கூட்டம் ஜாஸ்தி ஆயிட்டே இருக்கு. இப்ப ஆன் பண்ணுங்க, சாயங்காலம் அந்த நாப்பதைப் பாத்துக்கலாம்."

"அந்த நாப்பது பேரும் பூத்துல இல்லைன்னு வந்தா பரவால்லை சார். இல்லைன்னு சொல்லாம தப்பா யாரையாவது காட்டிச்சுன்னா?"

"நீங்க கான்ட்ராக்ட்ல இருக்கீங்க, ஞாபகம் இருக்கட்டும். லேட்டானதுக்கு யார் பதில் சொல்றது?"

மேடத்தின் காது மடல் சிவந்துவிட்டது. ஆனால் குரல் மாறவில்லை. "நான் எழுதிக் குடுக்கறேன் சார்" என்றார். போனை வைத்துவிட்டு ஒரு வெள்ளைத்தாளை எடுத்தார்.

"நீங்க எழுதாதீங்க மேடம்" என்றேன். "நான் நிரந்தரம். என்னை இந்த வயசுல எங்க மாத்துவாங்க? நான் எழுதறேன்."

"உங்களை எழுத விட்டுட்டு நான் சும்மா நிக்கறதா? ரெண்டு பேரும் எழுதலாம்."

எண்ணிக்கை நேராகாததால் நாங்கள் திறக்கவில்லை, பொறுப்பு எங்களுடையது என்று இரண்டு வரி. இரண்டு கையெழுத்து. தாளைப் பியூன் அண்ணனிடம் அதிகாரிக்குக் கொடுத்தனுப்பிவிட்டு நான் கீபோர்டுக்குத் திரும்பினேன். பயமாக இருந்ததா என்று சுதா கேட்டாள். இருந்தது. ஆனால் எழுதிக் கொடுத்தபின் மனம் லேசாகி, விரல்கள் வேகமாக ஓடின.

முதலில் காலி வரிகளைத் தேடினேன். இல்லை. ஆறு இலக்கம், நாலு இலக்கம் தேடினேன். இல்லை. பிறகு எண்களை மட்டும் பிரித்து, வரிசைப்படுத்தி, இரண்டு தடவை வருவதை மட்டும் காட்டு என்று கேட்டேன். மூன்று கட்டளைகளை நடுவில் நேர்க்கோடு போட்டு இணைத்து ஒரே வரியாக எழுதலாம், ஒன்றிலிருந்து ஒன்றுக்கு வாய்க்கால் தண்ணீர்போல் போகும். உரக்கப் படித்தேன். தட்டினேன்.

03001, 03002, 03003… திரை நிரம்பி 03040-ல் நின்றது. ஒன்று விடாமல் வரிசையாக நாற்பது எண்கள்.

"இது டைப்பிங் தப்பு இல்ல மேடம்" என்றேன். "தப்பு இப்படி வரிசையா வராது. இது ஒரு கட்டு."

பட்டைகள் நூறு நூறாகக் கட்டி வந்திருந்தன. மூவாயிரத்து ஒன்றில் தொடங்குவது முப்பத்தொன்றாவது கட்டு. வெளியூர் அச்சகத்தில் அந்த ஒரு கட்டை இரண்டு தடவை அடித்துவிட்டார்கள். மேடம் செங்கம் சாலை கவுன்ட்டரைக் கூப்பிட்டார். முப்பத்தொன்றாவது கட்டு அங்கே காலையிலேயே தீர்ந்துவிட்டது. போளூர் சாலை கவுன்ட்டரைக் கூப்பிட்டார்.

"ஆமா மேடம், முப்பத்தொண்ணு இங்கதான் ஓடுது. நாப்பது கட்டியாச்சு. ஃபைல் அனுப்பறப்ப கியூவை நிறுத்தியிருந்தோம், நாப்பத்தொண்ணாவது இப்பதான் கையில எடுத்தேன்."

"கட்டாதீங்க! அந்தக் கட்டை அப்படியே எடுத்து டிராயர்ல வெச்சுப் பூட்டுங்க. அடுத்த கட்டைப் பிரிங்க."

ஆக, நாற்பது எண்கள், எண்பது பேர். செங்கம் சாலை ஃபைல் பின்னால் இருந்ததால், போளூர் சாலையில் பதிந்த நாற்பது பேரையும் டேட்டாபேஸ் சத்தமில்லாமல் வீசிவிட்டிருந்தது. அந்த நாற்பதில் யார் தொலைந்தாலும் பூத்தில் "இல்லை" என்று வராது. வேறு ஒருவருடைய பெயர், வேறு ஒரு வீட்டின் போன் நம்பர் வரும்.

மேடம் யோசித்தார். "இந்த நாப்பது எண்ணையும் எடுத்துடலாமா? இல்லைன்னாவது வரும்."

"எடுத்தா எண்பது பேருமே போயிடுவாங்களே மேடம். ஒரு எண்ணுக்கு ஒரு அறைதான். அறைக்குள்ள ரெண்டு ஜோடி வைக்கக் கூடாதுன்னு யாரு சொன்னது? ரெண்டு பேரையும் ஒரே விவரத்துல வெச்சுடலாம். எந்த கவுன்ட்டர்னு பக்கத்துல போட்டுடலாம்."

அவர் நீளநோட்டில் புதுப் பக்கத்தைத் திருப்பினார். "போடுங்கக்கா" என்றார்.

இரண்டு கவுன்ட்டர் ஃபைல்களையும் எண்ணை வைத்து ஒட்டுகிற கட்டளை இருக்கிறது. ஒட்டினேன். நாற்பது வரிகள், ஒவ்வொன்றிலும் இரண்டு பெயர், இரண்டு போன். எல்லாவற்றுக்கும் முன்னால் "கவனம்: இந்த எண்ணில் இருவர்" என்று சேர்த்தேன். அவர் நாற்பது வரிகளையும் ஒவ்வொன்றாகப் படித்துச் சரி பார்த்தார். ஏற்றினேன். கீ 6200, ஆள் 6240. நீளநோட்டில் அப்படியே எழுதி அவர் கையெழுத்து போட்டபோது மணி பன்னிரண்டு இருபத்தைந்து. பூத்துகளைத் திறந்தோம். இருபத்தைந்து நிமிடத் தாமதம்.

மூன்று மணிக்குக் கொஞ்சம் முன்னால் அடி அண்ணாமலை பூத்திலிருந்து போன். அங்கே உட்கார்ந்திருந்தவர் கன்னியம்மாள் என்ற அங்கன்வாடி ஊழியர்.

"மேடம், ஒரு தாத்தா வந்திருக்காரு. பட்டை 03017. கவனம், இருவர்னு வருது. ஏழுமலைன்னு ஒருத்தர், செங்கம் பக்கம். முனுசாமின்னு ஒருத்தர், போளூர் பக்கம். ரெண்டு பேருக்கும் எழுபதுக்கு மேல போட்டிருக்கு."

"பேரைக் கேளுங்க."

ஸ்பீக்கரில் எல்லாம் கேட்டது.

"தாத்தா, உங்க பேரு ஏழுமலையா?"

"ஆமா."

"செங்கமா?"

"ஆமா."

"முனுசாமியா தாத்தா?"

"ஆமா."

"போளூரா?"

"ஆமாம்மா."

மேடம் போனருகே குனிந்து, "தாத்தா, உங்க பேரு மெஹருன்னிசாவா?" என்று கேட்டார்.

"ஆமா" என்றார் அவர்.

பூத்தில் யாரோ சிரித்தார்கள். எங்கள் அறையில் யாரும் சிரிக்கவில்லை. அந்தப் பெரியவருக்கு ஞாபகம் போயிருந்தது. எதைக் கேட்டாலும் சம்மதிக்கிற பழக்கம் மட்டும் மிஞ்சியிருந்தது. பூத்து வாசலில் முதியவர்களை ஊர் பஸ்ஸில் ஏற்றிவிட ஒரு ஜீப் நின்றுகொண்டிருந்தது. பன்னிரண்டு மணிக்கே நாங்கள் திறந்திருந்தால், ஏழுமலை ஒருவர்தான் திரையில் வந்திருப்பார். ஏழுமலையா என்று கேட்டிருப்பார்கள். ஆமா என்றிருப்பார். செங்கம் பஸ்ஸில் ஏற்றியிருப்பார்கள்.

ஏழுமலையின் மகனை நான் கூப்பிட்டேன். "அப்பாவா? என் பக்கத்துலதான் புளிசாதம் சாப்பிட்டுக்கிட்டு இருக்காரு, ஏங்க?" என்றார். ஒன்றுமில்லை, நல்லா சாப்பிடட்டும் என்று வைத்துவிட்டேன்.

முனுசாமிக்குக் கொடுத்திருந்த நம்பர் கிடைக்கவில்லை. அவ்வளவு கூட்டத்தில் டவர் திணறிக்கொண்டிருந்தது. இரண்டு போனிலும் மாறி மாறி அடித்தோம். பன்னிரண்டாவது தடவையோ என்னவோ, மணி அடித்தது. ஒரு பெண் எடுத்தாள். ஹலோ சொல்லவில்லை, "கெடைச்சுட்டாரா?" என்றாள்.

அவள் செல்வி, முனுசாமியின் மகள். காலையிலிருந்து தேடித் தேடி குபேர லிங்கக் கோவில் வரை போய்விட்டிருந்தாள். "அவருக்கு சக்கரை இருக்குங்க. மத்தியானம் ஊசி போடணும். ஊசி என் பையில இருக்கு. அவரு ஏதாச்சும் சாப்பிட்டாரான்னு கேளுங்களேன்."

"கேட்டா ஆமான்னுதாம்மா சொல்லுவாரு" என்றேன். அந்தப் பக்கம் அவள் அழுதுகொண்டே சிரித்தது கேட்டது. "ஆமாங்க, எங்கப்பாதான். எங்கப்பாவேதான்."

இருந்தாலும் மேடம் விடவில்லை. இரண்டு போன்களையும் இணைத்தார். கன்னியம்மாள் தன் போனைப் பெரியவர் காதருகே பிடித்தார்.

"நைனா" என்றாள் செல்வி. "நைனா, நான் செல்வி பேசறேன்."

கன்னியம்மாளின் குரல்தான் வந்தது. "மேடம், எழுந்து நின்னுட்டாரு! இவ்ளோ நேரம் பெஞ்சை விட்டு அசையலை மேடம்."

பிறகு அந்தக் கிழக்குரல். "எங்கம்மா போயிட்ட? எவ்ளோ நேரம் பாக்கறது உன்னை?"

ஜீப் செங்கம் பஸ்ஸுக்குப் போகவில்லை. குபேர லிங்கத்துக்குப் போனது. ஊசி நேரத்துக்குக் கொஞ்சம் பிந்தித்தான் போட்டார்கள், ஆனால் ஒன்றும் ஆகவில்லை. அந்த நாற்பது எண்களில் அன்று மேலும் மூன்று பேர் பூத்துக்கு வந்தார்கள். மூவரும் சரியான வீட்டாரிடம் போய்ச் சேர்ந்தார்கள்.

ஆறு மணிக்கு மலைமேல் தீபம் ஏறியது. நாங்கள் மாடியில் நின்று பார்த்தோம். ஊர் முழுக்க எழுந்த அரோகரா சத்தம் வேங்கிக்கால் வரை வந்து கட்டடத்தை உலுக்கியது. மேடம் துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வியர்வையா, வேறா என்று நான் கேட்கவில்லை. அப்போதுதான் அந்த அதிகாரி மறுபடி கூப்பிட்டார். முனுசாமி விஷயம் அவர் காதுக்குப் போயிருந்தது.

"அந்த லெட்டரைக் கிழிச்சுப் போட்டுட்டேன்" என்றார். "அடுத்த தீபத்துக்கு ஏத்தி முடிச்சு சரி பாக்க உங்களுக்கு எவ்ளோ நேரம் வேணும்?"

"அரை மணி நேரம் சார்" என்றார் மேடம்.

"ஒரு மணி எடுத்துக்கங்க. நான் எழுத்துலயே போட்டுடறேன்."

போட்டார். எண்ணிக்கை நேராகாமல் பூத்து திறக்கக் கூடாது என்ற அந்த உத்தரவு இன்றும் அறைச் சுவரில் ஒட்டியிருக்கிறது. மேடத்தின் ஒப்பந்தம் ஒரு வருடத்துக்கில்லை, மூன்று வருடத்துக்குப் புதுப்பித்தார்கள். இப்போது அவர் வேறு மாவட்டத்தில் பெரிய பொறுப்பில் இருக்கிறார். அங்கேயும் அவருடைய ஆட்கள் உரக்கப் படிக்கிறார்களாம். வேண்டாத ஆளைத் தள்ளிவிடும் இடம் என்று சொன்ன அந்தப் பிரிவுக்கு, நான் ஓய்வு பெறும்போது மாறுதல் கேட்டு ஆறு பேர் மனு போட்டிருந்தார்கள்.

கறுப்புத் திரை போனதில் எனக்கு வருத்தம் இல்லை. பட்டன் நல்லதுதான், விரல் வலிக்காது. பட்டனுக்குப் பின்னால் அதே கட்டளைதான் ஓடுகிறது, அதே டேட்டாபேஸ்தான் பழையதை வீசிவிட்டுப் பேசாமல் இருக்கிறது. எண்ணுவது மட்டும் நம் வேலை.

போன கார்த்திகையில்தான், அந்தப் பிரிவுக்குப் போனபின் முதல்முறையாகத் தீபத்தன்று வேலையில்லாமல் இருந்தேன். காலையிலேயே டவுனுக்குப் போய், எல்லாரையும்போலக் கிரிவலம் கிளம்பினேன். கவுன்ட்டரில் இருந்த பெண் என்னைக் கூர்ந்து பார்த்தாள். "அம்மா, உங்களுக்கு அறுபது ஆயிடுச்சா? கையை நீட்டுங்க." எத்தனை ஆயிரம் பட்டைகளை ஏற்றியிருப்பேன், ஒன்றைக்கூட நான் கட்டிக்கொண்டதில்லை. நீட்டினேன். மஞ்சள் பட்டை, ஐந்து இலக்கம், முன்னால் இரண்டு பூஜ்யம்.

பாதி தூரம் நன்றாகத்தான் நடந்தேன். அடி அண்ணாமலை வந்ததும் பூத்தைப் பார்த்தேன். வேறு யாரோ ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். எனக்குப் பொறுக்கவில்லை. பட்டையை அவள் முன் நீட்டினேன்.

"இந்த எண்ணைக் கொஞ்சம் போட்டுப் பாரும்மா."

அவள் அடித்தாள். அடித்து முடிப்பதற்குள் வந்துவிட்டது. "பச்சையம்மாள். அடி அண்ணாமலை. மகள் நம்பர் இருக்கு" என்று படித்துவிட்டு நிமிர்ந்தாள். "ஊரு இதேதானேம்மா? கூட வந்தவங்களைக் காணோமா? தொலைஞ்சுட்டீங்களா?"

"தொலையலம்மா" என்றேன். "இருக்கேனான்னு பாத்தேன்."